ஹார்ட்கோர், கேஷுவல்: காணொளி விளையாட்டுப் பாகுபாட்டில் தோல்வியின் விலை

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகளை ஹார்ட்கோர் என்றும் கேஷுவல் என்றும் இரண்டாகப் பிரிக்கும் வழக்கு, ஆடுவோரிடமும் தயாரிப்போரிடமும் வேரூன்றியுள்ளது. விளையாட்டின் கடினம், அதன் வகை, ஆடப்படும் நேரம், ஆடுபவரின் இயல்பு ஆகியன இப்பாகுபாட்டிற்கு அடிப்படைகளாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து நின்று பாகுபாட்டை விளக்கப் போதாது. தோற்றவரிடமிருந்து விளையாட்டு எதனைப் பறிக்கிறது, பறித்ததைத் திரும்பத் தருகிறதா என்பதே முதன்மை அளவை என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. டயாப்லோ 2, ஃபயர் எம்ப்ளம், டார்க் சோல்ஸ், டெட்ரிஸ், கேண்டி கிரஷ் சாகா முதலியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வளவையின் வழியே இச்சொற்களுக்குரிய தமிழ்க் கலைச்சொல்லாக்கம் குறித்தும் ஒரு கருத்து முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ஹார்ட்கோர், கேஷுவல், தோல்வி, மீளாமை, சேர்மானம், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் கூறுகிறது. அவ்வுவகையைத் துன்பம் நீங்கியதாகவும் சுட்டுகிறது. இன்றைய பேச்சு வழக்கிலும் ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்பது, பெரிதாகக் கொள்ள வேண்டாம் என்னும் பொருளையே தருகிறது. ஆயின் இன்றைய காணொளி விளையாட்டுகளுள் ஒரு பகுதி, தோல்வியையும் இழப்பையும் ஆடுநர் விரும்பி ஏற்பதனாலேயே நிலைபெற்றுள்ளது. பல நாள்கள் வளர்த்த பாத்திரம் ஒரு கணத்துப் பிழையால் அடியோடு அழியும் என்று அறிந்தே அவற்றை ஆடுகின்றனர். ‘விளையாட்டு வினையாகும்’ என்று பழமொழி எச்சரிப்பதை இவர்கள் தாமே தேர்ந்துகொள்கின்றனர் எனலாம்.

இத்தகைய விளையாட்டுகளும் ஆடுநரும் ‘ஹார்ட்கோர்’ என்றும், ஓய்வு நேரத்தில் சிறிது பொழுது ஆடி வைத்துவிடத் தக்கவை ‘கேஷுவல்’ என்றும் வழங்கப்படுகின்றன. சொற்கள் பரவிய அளவிற்கு அவற்றின் பொருள் வரையறுக்கப்படவில்லை. இச்சொற்கள் பெரும்பாலும் மதிப்பீட்டுச் சொற்களாகவே கையாளப்படுகின்றன. ஒன்று புகழ்ச்சியாகவும் மற்றொன்று இகழ்ச்சியாகவும் ஒலிக்கிறது. மதிப்பீட்டை நீக்கி, விளையாட்டின் விதியமைப்பில் இவ்வேறுபாடு எங்கே உள்ளது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வழக்கிலுள்ள அளவைகளும் அவற்றின் போதாமையும்

முதலாவதாகக் கூறப்படுவது கடினம். கடினமானது ஹார்ட்கோர், எளியது கேஷுவல் என்பது பொதுவான எண்ணம். 2013இல் வெளிவந்த ஃபிளாப்பி பேர்ட் இதற்கு இடையூறாக அமைகிறது. திரையைத் தொட்டால் பறவை எழும், விட்டால் தாழும், குழாய்களின் இடைவெளியில் மோதாமல் அதனைச் செலுத்த வேண்டும். கற்க ஒரு நொடி போதும். ஆயினும் அதில் பத்துப் புள்ளி பெறுவதே பலர்க்கு அரிதாயிற்று. இத்துணைக் கடினமான விளையாட்டைப் பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதில் எவரும் ஆட முடிந்தது. கடினம் என்னும் அளவைப்படி இது ஹார்ட்கோர். ஆடப்பட்ட முறைப்படி இது கேஷுவல்.

இரண்டாவது அளவை வகை. போர், வாள்வீச்சு, துப்பாக்கிச் சூடு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டவை ஹார்ட்கோர் எனவும், புதிர், சீட்டு, வண்ணக்கற்களை இணைத்தல் போன்றவை கேஷுவல் எனவும் கருதப்படுகின்றன. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் ஒரு புதிர் விளையாட்டு. அதன் விதியைக் குழந்தையும் அறியும். அவ்விளையாட்டின் 1989ஆம் ஆண்டு நின்டெண்டோ வடிவத்தை, நிரல் நின்றுபோகும் எல்லைவரை ஆடி முடிக்க 2023 டிசம்பர்வரை எந்த மனிதராலும் இயலவில்லை. அம்மாதம் 13 வயதுச் சிறுவர் ஒருவர் 157ஆம் நிலையில் அவ்வெல்லையை எட்டினார். இச்செயலைக் கேஷுவல் என எவரும் கூறார். விளையாட்டின் வகை மாறவில்லை, விதிகளும் மாறவில்லை.

மூன்றாவது அளவை நேரமும் ஆளும் சார்ந்தது. நாள்தோறும் பல மணிநேரம் ஆடும் இளைஞர் ஹார்ட்கோர் ஆடுநர். இடையிடையே ஆடும் இல்லத்தரசியரும் முதியோரும் கேஷுவல் ஆடுநர் என்பது வணிக உலகம் வரைந்த சித்திரம். விளையாட்டியல் அறிஞர் யெஸ்பர் யூல் 2010இல் வெளியிட்ட ‘எ கேஷுவல் ரெவல்யூஷன்’ என்னும் நூலில் இச்சித்திரத்தை ஐயுறுகிறார். கேஷுவல் எனப்படும் விளையாட்டுகளை ஆடுவோருள் பலர் நீண்ட நேரம் செலவிடுவதையும், கடினத்தை விரும்புவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே ஆடுபவர் யார் என்பதிலிருந்து விளையாட்டின் தன்மையை உய்த்துணர்வது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

3. ஒரே விளையாட்டினுள் இரு முறைமைகள்

இரு வேறு விளையாட்டுகளை ஒப்பிடும்போது அவற்றினிடையே எண்ணற்ற வேறுபாடுகள் குறுக்கிடும். எது காரணம் எனத் தனித்துக் காட்டுவது கடினம். ஒரே விளையாட்டு இவ்விரு பெயர்களையும் தன் முறைமைகளுக்குச் சூட்டியிருப்பின், அம்முறைமைகளுக்கு இடைப்பட்ட வேறுபாடே சொல்லின் பொருளாகும். அத்தகைய சான்றுகள் இரண்டு உள்ளன.

3.1 டயாப்லோ 2

2000ஆம் ஆண்டு பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ 2இல் ஆடுநர் ஒரு வீரரைத் தேர்ந்து, அரக்கர்களை வென்று, படைக்கலன்களும் ஆற்றல்களும் சேர்த்து அவரை வளர்க்கிறார். இயல்பான முறைமையில் வீரர் இறந்தால் சில இழப்புகளுடன் மீண்டும் எழுவார். இவ்விளையாட்டில் ‘ஹார்ட்கோர்’ என்னும் பெயரிலேயே மற்றொரு முறைமை உண்டு. அதில் அரக்கர்களின் வலிமை கூடுவதில்லை. நிலவெளியும் கதையும் மாறுவதில்லை. ஒரே ஒரு விதி மட்டும் மாறுகிறது: வீரர் ஒருமுறை இறந்தால் இறந்ததே. அவரை மீட்டு ஆட வழியில்லை. வளர்த்த நாள்கள் அனைத்தும் அவருடன் முடிகின்றன.

இவ்விதியின் விளைவு ஆடும் முறையில் வெளிப்படுகிறது. இயல்பான முறைமையில் கூட்டத்தினுள் பாய்ந்து தாக்கும் ஆடுநர், ஹார்ட்கோர் முறைமையில் பின்வாங்கும் வழியை முதலில் பார்த்துக்கொள்கிறார். தாக்கும் வலிமையைவிடத் தாங்கும் வலிமை அவருக்கு முதன்மையாகிறது. எதிரி அதே எதிரிதான். அவனை எதிர்கொள்வதன் பொருள் மாறிவிடுகிறது.

3.2 ஃபயர் எம்ப்ளம்

1990இல் ஜப்பானில் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் தொடர் சதுரங்கம் போன்று கட்டம் கட்டமாகப் படை நகர்த்தும் போர் விளையாட்டு. சதுரங்கக் காய்க்குப் பெயரில்லை. இதிலோ ஒவ்வொரு வீரருக்கும் பெயரும் முகமும் பிறப்பிடமும் உறவுகளும் உண்டு. போரில் வீழ்ந்தவர் பின்வரும் அத்தியாயங்களில் திரும்ப வருவதில்லை. இதுவே இத்தொடரின் அடையாளமாக இருபது ஆண்டுகள் நிலவியது.

2010இல் வெளிவந்த இத்தொடரின் விளையாட்டில் ‘கேஷுவல்’ என்னும் முறைமை புகுத்தப்பட்டது. 2012இல் வெளிவந்த ஃபயர் எம்ப்ளம் அவேகனிங்கில் பழைய முறைமை ‘கிளாசிக்’ எனவும் புதியது ‘கேஷுவல்’ எனவும் பெயர் பெற்றன. கேஷுவல் முறைமையில் வீழ்ந்த வீரர் அப்போர் முடிந்ததும் மீண்டு வருவார். இங்குக் கருதத்தக்கது, கடினத்தின் அளவு இதனின்று தனியே தேர்ந்துகொள்ளப்படுவதாகும். மிக உயர்ந்த கடின நிலையைக் கேஷுவல் முறைமையிலும், எளிய நிலையைக் கிளாசிக் முறைமையிலும் ஆட இயலும். கடினமும் மீளாமையும் இரு வேறு அச்சுகள் என்பதனை விளையாட்டை ஆக்கியோரே தம் அமைப்பினால் ஒப்புக்கொண்டுள்ளனர்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. கேஷுவல் முறைமை வருவதற்கு முன்பே ஆடுநர் பலர், தமக்கு விருப்பமான வீரர் வீழ்ந்ததும் கருவியை நிறுத்தி அப்போரை முதலிலிருந்து தொடங்கிவந்தனர். விதிநூலில் மீளாமை இருந்தது. நடைமுறையில் அது தவிர்க்கப்பட்டது. எனினும் தவிர்ப்பதற்கும் விலை உண்டு. அதுவரை ஆடிய போர் முழுவதையும் மீண்டும் ஆட வேண்டும். ஆகவே இழப்பு நீங்கவில்லை. வீரரின் உயிருக்கு மாற்றாக ஆடுநரின் நேரம் செலுத்தப்பட்டது. புதிய முறைமை அந்நேரத்தை விடுவித்தது.

4. மீளாமையும் சேர்மானமும்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மீளாமை ஒன்றே அளவை என முடிவு கட்டலாகாது. ஃபிளாப்பி பேர்டிலும் மோதிய பறவை மீள்வதில்லை. புள்ளி சுழியத்திற்குத் திரும்புகிறது. அங்கு இழக்கப்படுவது சில நொடிகளின் உழைப்பு மட்டுமே. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் பழம் எடுக்கும் தறுவாயில் இருந்ததா, இப்போதுதான் இறங்கியதா என்பதைப் பொறுத்தே வருத்தம் வேறுபடுகிறது. எனவே இழக்கப்படும்வரை சேர்த்துவைத்தது எவ்வளவு என்பது இரண்டாவது கூறாகிறது. இதனைச் ‘சேர்மானம்’ எனலாம். தோல்வியின் விலை, சேர்மானத்தின் அளவும் அதன் மீளாமையும் கூடியது.

இவ்விரு கூறுகளையும் கொண்டு முன்னர் இடையூறாக நின்ற சான்றுகளை விளக்க முடிகிறது. டெட்ரிஸைத் தொடக்க நிலையில் ஆடுபவர் சில நிமிடங்களில் தோற்கிறார், சேர்மானம் சிறிது, இழப்பும் சிறிது. வல்லுநரோ அரைமணி நேரத்திற்கும் மேலாகப் பிழையின்றி அடுக்கி வருகிறார். ஒவ்வொரு நொடியும் சேர்மானம் உயர்கிறது; ஒரு பிழை அனைத்தையும் முடிக்கிறது. விதி மாறாமலேயே விளையாட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது.

1980 அளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாக மாணவர்களால் தொடங்கப்பட்ட ரோக் என்னும் விளையாட்டு இவ்விரு கூறுகளையும் முழுமையாகக் கொண்டது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் சேமித்ததைத் திறந்தவுடன் அக்கோப்பு அழிக்கப்படும். இடையில் நிறுத்துவதற்கு மட்டுமே சேமிப்பு. தோல்வியிலிருந்து தப்புவதற்கு அன்று. இடைநிறுத்தமும் மீட்சியும் வேறு வேறு என்பதனை இவ்விதி தெளிவாகக் காட்டுகிறது.

2011இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட டார்க் சோல்ஸ் இடைநிலைச் சான்றாகும். அதில் எதிரிகளை வீழ்த்திப் பெறும் ‘ஆன்மாக்கள்’ பொருள் வாங்கவும் ஆற்றலை வளர்க்கவும் பயன்படுவன. ஆடுநர் இறந்தால் அவர் மீண்டும் எழுவார். அவரது ஆன்மாக்களோ இறந்த இடத்திலேயே கிடக்கும். அவ்விடத்தை அடைந்தால் மீட்கலாம். அடையுமுன் மறுபடியும் இறந்தால் அவை என்றைக்கும் இல்லை. இழப்பு உடனே உறுதியாவதில்லை. ஒரு வாய்ப்புத் தரப்படுகிறது. அவ்வாய்ப்பே அடுத்த ஓட்டத்தின் ஒவ்வோர் அடியையும் கனமாக்குகிறது. இவ்விளையாட்டின் புகழ் அதன் கடினத்தால் வந்ததாகக் கூறுவர். கடினம் மட்டுமே காரணமாயின் 2018இல் வெளிவந்த செலஸ்ட்டும் அதே பெயரைப் பெற்றிருக்க வேண்டும். மலையேறும் பெண்ணின் கதையான அதில் தாவல்கள் மிக அரியன. ஆடுநர் ஆயிரக்கணக்கில் இறப்பதும் இயல்பு. ஆனால் இறந்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் அவர் நிற்பார். இழப்பது அத்திரையில் கடந்த சிறு தொலைவையே. வேண்டுவோர் வேகத்தைக் குறைத்தும் இறப்பையே நீக்கியும் ஆடத் துணைமுறைமை ஒன்றும் உண்டு. கடினம் மிகுந்தும் தோல்வி மலிந்தும் இருப்பதனால், அவ்விளையாட்டு ஆடுநரை அச்சுறுத்துவதில்லை. மீண்டும் முயலவே தூண்டுகிறது.

5. நேரத்தின் மீது விளையாட்டின் உரிமை

தோல்வியின் விலை நேரத்தோடு பிணைந்தது. இதனால் விளையாட்டை இடையில் நிறுத்த இயலுமா என்பது அடுத்த அளவையாகிறது. டோட்டா 2 போன்ற குழுப்போட்டிகளில் ஓர் ஆட்டம் அரைமணிக்கு மேல் நீள்வது வழக்கம். அடுப்பில் பால் பொங்கினாலும் வாயிலில் ஆள் அழைத்தாலும் எழுந்து செல்பவர் தம் குழுவைத் தோல்விக்கு ஆளாக்குகிறார்; இடையில் விலகியமைக்குத் தண்டனையும் பெறுகிறார். இங்கு வாழ்க்கை விளையாட்டிற்கு இடம் விட வேண்டும்.

கேஷுவல் வடிவமைப்பில் விளையாட்டு வாழ்க்கைக்கு இடம் விடுகிறது. யூல் இதனையே நெகிழ்வு என்னும் கருத்தால் விளக்குகிறார். கேஷுவல் வடிவமைப்பு, ஆடுநர் சிறிது நேரம் தரினும் நெடுநேரம் தரினும் ஏற்றுக்கொள்ளும். ஹார்ட்கோர் வடிவமைப்பு, திறனையும் ஈடுபாட்டையும் நிபந்தனையின்றிக் கோரும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். 2006இல் வெளிவந்த நின்டெண்டோ வீ கருவி 10 கோடிக்கும் மேல் விற்பனையானதற்கு இந்நெகிழ்வு ஒரு முதன்மைக் காரணம். கையிலுள்ள கருவியை மட்டையைப் போல் வீசினால் திரையில் பந்து அடிபடும். பத்துப் பொத்தான்களின் பயனைக் கற்றிருக்க வேண்டியதில்லை. முன்னறிவுக்கான விலையை அது குறைத்தது.

2012இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகா இக்கருத்தைச் சோதிக்கும் சான்று. அதில் ஆடுநருக்கு ஐந்து உயிர்கள். தோற்கும்தோறும் ஒன்று குறையும். குறைந்த உயிர் ஒன்று திரும்பப் பெற 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும். தோல்விக்கு இங்கும் விலை உண்டு. ஆயினும் பறிக்கப்படுவது இனி ஆடும் வாய்ப்பேயன்றி ஆடிச் சேர்த்தது அன்று. நூறாவது நிலையை எட்டியவர் எத்தனை முறை தோற்றாலும் நூறாவது நிலையிலேயே நிற்கிறார். அவரது சேர்மானம் தொடப்படுவதில்லை. வணிக நோக்கில் பார்ப்பின் இவ்வடிவமைப்பு ஆடுநரின் பொறுமையை விலைபேசுகிறது. அது தனித்து ஆராயத்தக்க அறச்சிக்கல். பாகுபாட்டைப் பொறுத்தவரை, முன்சேர்த்ததைக் காப்பது கேஷுவல் வடிவமைப்பின் அடையாளம் என்பதையே இச்சான்றும் உறுதிசெய்கிறது.

6. ஆடுநர் வகுக்கும் விதி

இதுவரை கண்டவை ஆக்கியோர் வகுத்த விதிகள். ஆடுநர் தாமே விதி வகுத்துக்கொள்வதும் உண்டு. சிறுவர்க்குரிய எளிய விளையாட்டாகக் கருதப்படும் போக்கிமானில் மயங்கி விழுந்த உயிரி மருந்தால் எழுந்துவிடும். 2010இல் ஒரு படக்கதையின் வழியே பரவிய நஸ்லாக் என்னும் வழக்கம் இதனை மாற்றுகிறது. மயங்கிய உயிரி இறந்ததாகவே கருதப்பட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படும் ஒன்றை மட்டுமே பிடிக்கலாம். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விதியை மீறினால் கண்டிப்பவரும் இல்லை. ஆடுநர் தம் சொல்லுக்குத் தாமே கட்டுப்பட்டு ஆடுகின்றனர். உயிரிகளுக்குப் பெயர் சூட்டி, இழந்தபின் வருந்தவும் செய்கின்றனர்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்னும் விளையாட்டில் இத்தகைய தன்விதி ஒரு சமூகத்தின் ஒழுங்காக வளர்ந்தது. ஒருமுறை இறந்த பாத்திரத்தைக் கைவிடுவது என ஆடுநர் தமக்குள் உடன்பட்டனர். 2023 ஆகஸ்டில் நிறுவனமே ஹார்ட்கோர் தளங்களைத் திறந்து அவ்வழக்கத்தை விதியாக்கியது. மரபு முந்த, இலக்கணம் பிந்திய நிகழ்வு இது. ஹார்ட்கோர் என்பது நிரலில் மட்டும் உறைவது அன்று. இழப்பை இழப்பாக ஏற்பதாக ஆடுநர் செய்யும் உடன்படிக்கையிலும் உறைகிறது என்பதனை இவை காட்டுகின்றன.

இவ்வளவைக்கு ஓர் எல்லையும் உண்டு. வானூர்தி இயக்கத்தை உள்ளவாறு காட்டும் விளையாட்டுகளில் விமானம் விழுந்தாலும் உடனே மீண்டும் தொடங்கலாம். எனினும் அவற்றின் ஆடுநர் ஹார்ட்கோர் என வழங்கப்படுவதுண்டு. அங்குக் கோரப்படுவது நெடிய கற்றல். கற்றலும் ஒருவகைச் சேர்மானமே. ஆயின் அது தோல்வியால் அழிவதில்லை. எனவே கற்றலின் விலையைத் தோல்வியின் விலையோடு கலவாமல் துணை அளவையாக வைப்பதே பொருந்தும்.

7. கலைச்சொல் குறித்த ஒரு கருத்து

தமிழில் இச்சொற்களை ‘கடின விளையாட்டு’, ‘எளிய விளையாட்டு’ எனப் பெயர்த்தால், ஃபயர் எம்ப்ளம் தனித்தனியே வைத்த இரு அச்சுகளும் ஒன்றாகிவிடும். உயர்கடின நிலையிலமைந்த கேஷுவல் முறைமையைக் ‘கடினமான எளிய விளையாட்டு’ என்று முரண்படக் கூற நேரும். ‘தீவிர விளையாட்டு’ என்பது, கல்வி, பயிற்சி முதலிய நோக்கங்களுக்காக ஆக்கப்படும் விளையாட்டுகளைக் குறிக்கும் வேறொரு கலைச்சொல்லோடு மயங்கும். ‘பொழுதுபோக்கு விளையாட்டு’ என்பதோ அனைத்து விளையாட்டுக்கும் பொருந்தும்.

ஆடுநரிடம் கோரப்படும் ஈடுபாட்டைச் சுட்டும் வகையில் ஹார்ட்கோரை ‘முனைப்பாட்டம்’ எனவும், வாழ்வின் இயல்பான ஓட்டத்தோடு இயைவதைச் சுட்டும் வகையில் கேஷுவலை ‘இயல்பாட்டம்’ எனவும் வழங்கலாம். இவற்றுள் உயர்வும் தாழ்வும் ஒலிப்பதில்லை. கடினம், எளிமை என்னும் சொற்கள் தத்தம் பொருளிலேயே நிற்கவும் இடமிருக்கிறது. ‘மீளா இறப்பு’ என்பது டயாப்லோ, ரோக் போன்றவற்றின் குறிப்பிட்ட விதிக்கு மட்டும் உரியதாகலாம். வழக்கில் ஆங்கிலச் சொற்களே நிலைப்பினும், ஆய்வுரையில் இவ்வேறுபாடு பேணப்படுதல் வேண்டும்.

8. முடிவுரை

ஹார்ட்கோர், கேஷுவல் என்னும் பாகுபாடு விளையாட்டின் வகையையோ ஆடுபவரின் வயதையும் பாலையுமோ சார்ந்தது அன்று. கடினம் அதனோடு அடிக்கடி சேர்ந்து வருவது. எனினும் அதிலிருந்து வேறானது. ஆடுநர் சேர்த்துவைத்தது எவ்வளவு, தோல்வி அதனைத் தொடுகிறதா, தொட்டால் மீள வழியுண்டா, இடையில் எழுந்து செல்ல இசைவுண்டா என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே ஒரு விளையாட்டை, சில வேளைகளில் ஒரே விளையாட்டின் ஒரு தனி ஆட்டத்தை, இவ்விரு முனைகளுக்கு இடையே நிறுத்துகின்றன.

மெய்ப்பாட்டியல் கூறும் துன்பம் நீங்கிய உவகை இயல்பாட்டத்திற்கு நேரடியாகப் பொருந்துகிறது. முனைப்பாட்டத்தில் துன்பம் நீங்குவதில்லை. உவகைக்கு முன்னர் நெடுநேரம் அச்சமும் அவ்வப்போது இழிவரலும் அழுகையும் நிற்கின்றன. இம்மெய்ப்பாடுகள் பிறர் கதையைக் கண்டு தோன்றுவன அல்ல. ஆடுநர் தம் பிழையால் தாமே இழந்ததன்மீது தோன்றுவன. காப்பியம் கற்போரும் கூத்துக் காண்போரும் அடையும் அவலத்தினின்று இது எங்ஙனம் வேறுபடுகிறது என்பது, மெய்ப்பாட்டுக் கொள்கையைக் கொண்டு தமிழாய்வாளர் மேலும் ஆராயத்தக்க களமாகும்.